தரங்கம்பாடியில் மாறிய பை

பாரியூர் அம்மன் துணை

கோபிசெட்டிபாளையம்
6.9.2024

தங்கை மாசாணிக்கு,

தரங்கம்பாடிக் கோட்டை முன்னால் எடுத்த போட்டோவைப் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இருப்பவர்கள், இடப்பக்கமிருந்து: உன் மாமா, நான், என் மகன் கவின், அவனுக்கு நிச்சயம் செய்திருக்கும் பிரத்யுஷா, அவள் அப்பா சென்னகேசவன், உன் மகள் லோகப்பிரியா, உன் மருமகன் கிஷன், கிஷனின் அம்மா. ஆக எட்டுப் பேர். எடுத்தவள் நீ, அதனால் நீ இல்லை. பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று போட்டோவின் முதுகிலும் இதையே எழுதி வைத்துக்கொண்டேன். லோகப்பிரியா மட்டும் எதற்கோ இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். வளையல் தெரியவில்லை. உனக்குப் படம் எடுக்கவும் தெரியவில்லை.

போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நிறுத்தினாலும் கந்த சஷ்டிக் கவசத்தை எழுத்துக்கூட்டிப் படித்தே எழுதப் பழகியவள் நான். எனக்குச் சுருக்கமாக எழுத வராது.

உன் மாமாவுக்கு அறுபது முடிகிறது, ஆயுசு கெட்டியாக வேண்டும் என்றுதான் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைத்தோம். உன்னை விட்டுவிட்டுப் போனால் ஊர் பேசும் என்று வேனில் ஏற்றிக்கொண்டேன். தாலி கட்டுகிற இடத்தில் தாலி இழந்தவள் நிற்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டமா? பக்கத்திலேயே தரங்கம்பாடி. கடலையே பார்க்காதவள், கோட்டையையும் கடலையும் பார்த்துக்கொண்டு இருக்கட்டும், மத்தியானம் வந்து கூட்டிக்கொள்ளலாம் என்று விடியற்காலையில் கோட்டை வாசலில் உன்னை இறக்கிவிட்டோம். நல்ல மனதோடு செய்தது.

நீ என்ன செய்தாய்? லோகப்பிரியா கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பைகள் இரண்டு வேனில் இருந்தன. இரண்டிலும் ஒரே அச்சு, கிஷன் – லோகப்பிரியா என்று. ஒன்றில் புதுத்தாலி இருக்கும் சிவப்பு டப்பி. இன்னொன்று உன்னுடையது. முகூர்த்த நேரத்தில் ஐயர் "தாலி எடுங்கோ" என்றதும் பையை அவிழ்த்தேன். உன் துண்டு, உன் பர்ஸ், உன் பிரஷர் மாத்திரை, பாதி கடித்த கடலைமிட்டாய். சென்னகேசவன் எட்டிப் பார்த்து, "ஏனுங்க சம்பந்தி, கடலைமிட்டாயையா கட்டப் போறீங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

கடைசியில் மஞ்சள் கிழங்கை நூலில் கோத்துக் கட்டினார் உன் மாமா. அது செல்லும் என்றார் ஐயர். ஆனால் அன்றிலிருந்து உன் மாமாவுக்கு நெஞ்சு படபடப்பாக இருக்கிறது. வரப்பில் நடந்தால் உட்கார்ந்துகொள்கிறார்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். பை தானாக மாறியதா, நீ மாற்றினாயா? உனக்கு இல்லாதது எனக்கு எதற்கு இரண்டாவது தடவை என்று நினைத்தாயா?

தை மாதம் கவின் கல்யாணம். கூடப்பிறந்தவள் இல்லாத பையனுக்கு இணைச்சீர் செய்ய, கூறைச்சேலை பிடித்துப் பக்கத்தில் நிற்க, தங்கை முறையில் லோகப்பிரியாவை விட்டால் வேறு பெண் கிடையாது. சேலை எடுக்க வேண்டும். அவளுடைய ஜாக்கெட் அளவு அனுப்பு. நீ கல்யாணத்துக்கு வா, சாப்பிடு. மேடைப் பக்கம் மட்டும் வேண்டாம்.

நஞ்சம்மாள்

—

சிவன்மலை ஆண்டவர் துணை

காங்கேயம்
16.9.2024

அக்கா அவர்களுக்கு மாசாணி எழுதுவது.

போனில் பேசினால் அழுதுபோடுவேன், அதனால்தான் எடுக்கவில்லை. ஜாக்கெட் அளவுக்கு லோகப்பிரியாவின் பழைய ஜாக்கெட் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கை மட்டும் அரை விரல் கூட வைக்கச் சொல்லுங்கள்.

பை தானாகத்தான் மாறியது. இறங்கும்போது கிஷன்தான் எடுத்துக் கொடுத்தார். "இந்தாங்க அத்தை, உங்க பை" என்றார். பேரைப் பார்த்தேன், என் மகள் பேர் இருந்தது, வாங்கிக்கொண்டேன். என் போன் வேனிலேயே சார்ஜில் கிடந்தது.

வேன் போன பிறகு பார்த்தால் கோட்டைக் கதவு பூட்டியிருக்கிறது. பத்து மணிக்குத்தான் திறப்பார்களாம். உங்களில் ஒருவரும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கடல் எனக்குப் பயமாக இருந்தது, அக்கா. நம் வாய்க்கால் மாதிரி ஒரு பக்கமாகப் போகாமல், நம்மைப் பார்த்தே வந்துகொண்டிருக்கிறது. கரையோரம் பாதியைக் கடல் தின்றுவிட்ட ஒரு சிவன் கோயில் இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தேன். குருக்கள் என் நெற்றியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "யார் பேருக்கும்மா அர்ச்சனை?" என்றார். மாமா பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். அங்கே நீங்கள் மணையில் உட்கார்ந்த அதே நேரத்துக்கு இங்கே மாமா ஆயுசுக்கு அர்ச்சனை செய்தவள்தான் நான்.

கோட்டை திறந்ததும் உள்ளே போனேன். மேலே துரைமார் இருந்த அறைகள், கீழே முழுக்க வளைவு வளைவாக இருட்டறைகள். காவலாளி ஒருவர் கூடவே வந்து காட்டினார். இது மிளகு வைத்த அறை, இது சாராயப் பீப்பாய் வைத்த அறை, இது கைதி வைத்த அறை என்றார். கைதி அறையில் கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல குளிர்ச்சியாக இருந்தது. "என்னம்மா, இதை விட்டு வர மாட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார் அவர்.

நீங்கள் எல்லாரும் வரும் வரை நான் கோட்டையை விட்டு அசையவில்லை. பையை அவிழ்க்கவும் இல்லை. நீங்கள் வந்து கேட்ட பிறகுதான் உள்ளே டப்பி இருப்பதே எனக்குத் தெரியும். இதை நம்புங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். லோகப்பிரியா எனக்கு ஒரே மகள். அவள் கல்யாணத்திலேயே நான் சமையல்கட்டில்தான் இருந்தேன். அவங்க அப்பா போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, ஒன்றும் சொல்ல முடியவில்லை. இணைச்சீருக்கு அவள் பட்டுக் கட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்க்க வேண்டும். மேடைக்கு வர மாட்டேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். அது போதும்.

மாசாணியம்மாள்

—

பாரியூர் அம்மன் துணை

கோபிசெட்டிபாளையம்
4.10.2024

மாசாணிக்கு,

ஜாக்கெட் வந்தது. கடிதமும் வந்தது. கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

உன் பர்ஸ் எங்களிடம் வந்த பையில் இருந்தது என்று நான் முதலிலேயே எழுதியிருக்கிறேன். அப்படியானால் அர்ச்சனைக்குக் காசு எந்தப் பையை அவிழ்த்து எடுத்தாய்? என் பையில் தட்சணைக்கு முடிந்து வைத்திருந்த சில்லறை. எடுக்கும்போது பக்கத்திலேயே சிவப்பு டப்பி இருந்திருக்கும். கண் தெரியாதவளா நீ?

கோட்டையை விட்டு அசையவில்லை என்கிறாய். மண்டப வாசலில் நீ ஆட்டோவில் வந்து இறங்கியதை மணையிலிருந்தே நான் பார்த்தேன் மாசாணி. அந்த நீலச் சேலையை எடுத்துக் கொடுத்தவளே நான்தான், எனக்குத் தெரியாதா? பெரிய ஹோமம் நடந்துகொண்டிருக்கிறது, நீ வாசலில் நிற்கிறாய். லோகப்பிரியாவைக் கூப்பிட்டு, "கண்ணு, உங்கம்மாவைத் திருப்பி அனுப்பிச்சுட்டு வா" என்றேன். போனாள், வந்தாள். "போன் வாங்க வந்துச்சுங்க பெரியம்மா, போயிருச்சு" என்றாள். உன்னை அவமானப்படுத்த வேண்டாம் என்றுதான் இதை முன்பு எழுதவில்லை. நீ பொய் எழுதினாய், நான் நிஜத்தை எழுதுகிறேன்.

ஆக, கையில் தாலியோடு வாசல் வரை வந்து நின்றிருக்கிறாய். அங்கே உள்ளே ஐயர் தாலியைக் கேட்கிறார், சம்பந்தி சிரிக்கிறார், நீ டப்பியைக் கொடுக்காமல் திரும்பிப் போய்க் கைதி அறையில் குளிர்ச்சியாக நின்றிருக்கிறாய்.

புரட்டாசி அமாவாசைக்கு ஆனைமலை அம்மன் கோயிலுக்குப் போனேன். கவினிடம் காரணம் சொல்லவில்லை, சாமி கும்பிட என்றேன். நியாயம் கேட்டு வரமிளகாயை நானே அரைத்தேன். பக்கத்தில் நகை திருட்டுப் போனவள், மாடு திருட்டுப் போனவள் எல்லாரும் அரைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளைக்குக் கை எரிந்தது. நீதிக்கல்லில் பூசும்போது உன் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. உனக்கு அப்பன் ஆத்தா வைத்தது அந்த அம்மன் பேரையே. அவள் சந்நிதியில் அவள் பேரைச் சொல்லி எப்படிச் சபிப்பது? அதனால், "வாசலுக்கு வந்த தாலியை உள்ளே வர விடாமத் தடுத்தது எந்தக் கையோ, அந்தக் கையும் அது சுமக்கறதும் விளங்காமப் போகட்டும் தாயே" என்று மட்டும் சொல்லிப் பூசிவிட்டு வந்தேன்.

உன் கை எதைச் சுமக்கிறது? ஒன்றுமில்லை. அதனால் நீ பயப்பட வேண்டியதில்லை.

நாற்காலி இல்லை.

நஞ்சம்மாள்

—

சிவன்மலை ஆண்டவர் துணை

காங்கேயம்
9.10.2024

அக்கா,

என்ன காரியம் செய்துபோட்டீர்கள்.

நான் எழுதிய பொய்யை இப்போது நானே கலைக்கிறேன். குருக்களுக்குத் தட்டில் போடக் காசு தேடிப் பையை அவிழ்த்தேன், டப்பியைப் பார்த்தேன். அர்ச்சனை பாதியில் இருக்க எழுந்து ஓடினேன். நகர வாசல் வளைவுக்கு வெளியே ஆட்டோ கிடைத்தது. வழியெல்லாம் டப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு போனேன். எனக்கு உள்ளே வர ஆசையில்லை. யாராவது ஒருத்தர் வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டால் போதும் என்றுதான் நின்றேன்.

லோகப்பிரியா வந்தாள். "ஏம்மா இங்க வந்தே? எங்க அத்தை பாத்துக்கிட்டே இருக்கறாங்க" என்றாள். டப்பியை நீட்டினேன். "தாலி கண்ணு, பை மாறிப்போச்சு, சீக்கிரம் கொண்டு போ" என்றேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "உன் கையில வாங்கி நான் எப்படிம்மா உள்ளே கொண்டுபோறது? எல்லாரும் பாக்கறாங்க. அத்தை அப்பறம் என்னை வெச்சு வாழுவாங்களா? மஞ்சக்கிழங்கு வெச்சே கட்டிக்கலாம், நீ போயிரு" என்றாள். கிஷனின் அம்மா உள்ளிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். என் மகளுக்கு முகமே வெளிறிவிட்டது. அதனால் நானே சொல்லிக் கொடுத்தேன், "கேட்டா, போன் வாங்க வந்தேன்னு சொல்லீரு" என்று. அந்தப் பொய் அவளுடையது இல்லை, என்னுடையது.

போட்டோவில் அவள் கை ஏன் பின்னால் இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்குப் பிறகு மத்தியானம் வரை அவள் கையை முன்னால் எடுக்கவே இல்லை அக்கா.

தடுத்த கை என் கை இல்லை. அந்தக் கை சுமப்பது இரண்டு மாதம். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து இப்போதுதான் தங்கியிருக்கிறது. ஊருக்குச் சொல்ல மூன்று மாதம் போகட்டும் என்று இருந்தோம், அதனால்தான் உங்களுக்கும் எழுதவில்லை. நீங்கள் அரைத்துப் பூசிய அமாவாசைக்கு மறுநாள் அவளுக்கு லேசாக உதிரம் பட்டது. டாக்டரம்மா படுக்கையை விட்டு எழக் கூடாது என்றிருக்கிறார். இங்கே என் வீட்டில்தான் படுத்திருக்கிறாள். மிளகாய் அரைத்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன்.

நேற்று எண்ணெயும் பாலும் வாங்கிக்கொண்டு நான் ஆனைமலை போனேன். "இதைக் குளுர வெக்கோணும்" என்றேன். அங்கே பூ விற்கிற அம்மா, "அரைச்சது நீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அரைச்ச கைதானுங்க வந்து குளுர வெக்கோணும். அடுத்தவங்க ஊத்துனா அம்மன் ஏத்துக்க மாட்டாளுங்க" என்றார். எண்ணெயைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

வாருங்கள் அக்கா. நாளைக்கே வாருங்கள். நாற்காலி வேண்டாம். கல்யாணத்துக்கே கூப்பிடாமல் போனாலும் சரி.

மாசாணி

—

பாரியூர் அம்மன் துணை

கோபிசெட்டிபாளையம்
15.10.2024

மாசாணிக்கு,

உன் கடிதம் கிடைத்ததும் லோகப்பிரியாவுக்குப் போன் போட்டேன். மிளகாய் விஷயம் சொல்லவில்லை, பயப்படாதே. அன்று வாசலில் அம்மா தாலியை நீட்டினாளா என்று மட்டும் கேட்டேன். "இல்லீங்க பெரியம்மா. அம்மா போன் கேட்டுத்தான் வந்துச்சு. எங்கப்பா போனதிலிருந்து அதுக்கு எல்லாத்துலயும் ஒரு பொறாமைங்க" என்றாள். உன் வீட்டில் படுத்துக்கொண்டு, நீ வைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு சொல்கிறாள். நான் எதை நம்புவது?

நம்புகிறேனோ இல்லையோ, வயிற்றுப் பிள்ளை விஷயம். எனக்கும் அது பேரப்பிள்ளைதான். அதனால் ஆனைமலை வருகிறேன். ஆனால் சும்மா வர மாட்டேன்.

தாலியை நீதான் மறைத்தாய் என்று சம்பந்தி வீட்டிலும் கிஷன் வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. இப்போது லோகப்பிரியா என்று மாற்றிச் சொன்னால், தாலியைத் தடுத்த பெண்ணை இணைச்சீருக்கு நிறுத்துவதா என்று சென்னகேசவன் கேட்பார். வேறு பெண்ணுக்கு நான் எங்கே போவது? கிஷனின் அம்மாவும் அவளைச் சும்மா விட மாட்டாள். ஆகவே நீ சொல்லிவிடு. எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால், எல்லார் முன்னிலையிலும், பையை வேண்டுமென்றே மாற்றினேன், வாசல் வரை வந்தும் வயிற்றெரிச்சலில் கொடுக்காமல் போனேன் என்று உன் வாயால் சொல்லிவிடு. உடனே ஊற்றுகிறேன். அதோடு முடிந்தது.

அப்படிச் சொன்ன பிறகு நீ கல்யாணத்துக்கு வருவது நன்றாக இருக்காது. நீயே சொல்லிவிட்டாய், கூப்பிடாவிட்டாலும் சரி என்று. எழுத்தில் இருக்கிறது.

உன் மாமாவுக்குப் படபடப்பு குறையவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்கிறார்கள்.

சம்மதமா என்று எழுது.

நஞ்சம்மாள்

—

சிவன்மலை ஆண்டவர் துணை

காங்கேயம்
19.10.2024

அக்கா அவர்களுக்கு,

சம்மதம்.

அன்று அங்கே இருக்க வேண்டியவர்களை நானே எழுதிவிடுகிறேன், விட்டுப்போகக் கூடாது: மாமா, நீங்கள், கவின், பிரத்யுஷா, சென்னகேசவன், கிஷன், கிஷனின் அம்மா. லோகப்பிரியா வர வேண்டாம், படுத்திருக்கட்டும். போட்டோ எடுக்க இந்தத் தடவை யாரும் வேண்டாம்.

சொல்லப்போவதையும் எழுதிவிடுகிறேன், பிறகு மாற்றிச் சொன்னேன் என்று வரக் கூடாது. "என் அக்காவுக்கு இரண்டாவது தாலி ஏறுவது எனக்குப் பொறுக்கவில்லை. பையை நான்தான் மாற்றினேன். வாசல் வரை வந்து, சிரிப்புச் சத்தம் கேட்டுச் சந்தோஷப்பட்டுத் திரும்பிப் போனேன்." இது போதுமா? போதாதென்றால் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள், மனப்பாடம் செய்துகொண்டு வருகிறேன். கல்யாணத்துக்கு வர மாட்டேன். இணைச்சீர்ச் சேலை என்ன நிறம் என்று மட்டும் பிறகு ஒரு நாள் சொல்லுங்கள்.

லோகப்பிரியா போனில் உங்களிடம் பேசியபோது நான் அடுப்படியில் இருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பிறகு கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். உப்பு கொஞ்சம் கூட இருக்கிறது என்றாள். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

எனக்கும் ஒரே ஒரு பேச்சு இருக்கிறது. போன தடவை பேர் சொல்லாமல் பூசினீர்கள், அதனால் வந்த வினை இது. இந்தத் தடவை எண்ணெய் ஊற்றும்போது பேரைச் சொல்லி ஊற்றுங்கள். என் பேர் இல்லை. "லோகப்பிரியா கைக்கு" என்று அம்மனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். மனிதர்களுக்கு முன்னால் நான் பொய் சொல்கிறேன். அம்மன் முன்னால் நீங்கள் நிஜம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றிப் பிரயோசனமில்லை என்று உங்களுக்கே தெரியும். என்னைவிடச் சாமி தெரிந்தவர் நீங்கள்.

இன்னொன்று. தடுத்த கை லோகப்பிரியாவுடையது. திருப்பி அனுப்பு என்று சொன்ன வாய் உங்களுடையது. உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, எழுத்தில். நீங்கள் கையைத்தான் சொல்லிப் பூசினீர்கள். வாயையும் அம்மன் கணக்கில் சேர்த்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்குப் படபடப்பு என்று எழுதுகிறீர்கள், அதனால் சொல்கிறேன். எண்ணெயைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இன்று காலையும் உதிரம் பட்டது. எந்த நாள் என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

மாசாணியம்மாள்